கட்டை பார்க்க வந்தவர்கள்

இந்தக் கீபோர்டு சர்வீஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். படியேறும்போதே காதில் விழுந்தது, உங்களில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தது: "சார், உங்க கீபோர்டுல ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க." போனை வைத்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், "வாசிக்கத் தெரியாம கட்டை லூசுங்கறான்" என்று ஒரு சிரிப்பு வேறு. யார் என்று கேட்கமாட்டேன். முகம் மாறுவதிலேயே தெரிகிறது. நல்லதாக நாலு பேசிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் வந்தேன். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு அது முடியாது.

வாசிக்கும்போது விரல் அமுக்குகிற கட்டைக்கு அடியில் ரப்பரை எப்படி மாற்றுவது, ஸ்பிரிங்கை எப்படி மாட்டுவது என்பதெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்கள் போனிலேயே ஆயிரம் வீடியோ இருக்கிறது. என்னைவிட நன்றாகவே காட்டுவார்கள். நான் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து ராயபுரத்துக்கு பஸ் ஏறி, கல்யாணத்துக்கு முன்பும் பின்பும், பிள்ளைகள் பிறந்த பிறகும், கண் மங்கும் வரை கீபோர்டு கழற்றியவள். அதில் கழற்றாமல் கற்றுக்கொண்டது கொஞ்சம் உண்டு. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நம் பக்கத்துக் கீபோர்டு மற்ற ஊர்க் கீபோர்டு மாதிரி கெடுவதில்லை. கடல் உப்பு ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். எண்ணூர் மின்சார நிலையத்துச் சாம்பல் இடுக்கெல்லாம் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அது போதாதென்று நம் ஜனங்கள் தாங்களே வைத்தியம் பார்ப்பார்கள். காத்திவாக்கத்தில் ஒரு சின்ன சர்ச்சில் வாசிப்பவர், கடலுக்குப் போகிறவர். ஒரு நாள் காலையில் தார்ப்பாயில் சுற்றிய கீபோர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "கட்டையெல்லாம் ஆடுதுக்கா. மத்தியானம் அடக்கம். எங்கண்ணன்" என்றார். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனவர் அவருடைய சொந்த அண்ணன்.

மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாடை. படகு இன்ஜினுக்குப் போடும் கிரீஸை பெட்ரோலில் கரைத்து, கட்டை இடுக்குகளில் எல்லாம் ஊற்றி வைத்திருக்கிறார். "துரு புடிச்சா நாங்க இதாங்க்கா போடுவோம்" என்றார். இன்ஜினுக்கு அது மருந்து. பிளாஸ்டிக்குக்கு விஷம். நடுவில் இருந்த கட்டைகளின் கழுத்தெல்லாம் வெடித்திருந்தது. திட்ட வாய் வந்தது. அவர் கண்ணைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். புதுக் கட்டை வாங்கி மாட்ட ஒரு வாரம் ஆகும். அடக்கம் ஒரு வாரம் காத்திருக்காது.

"எந்த ஸ்கேல்ல வாசிப்பீங்க?" என்று மட்டும் கேட்டேன். எல்லாப் பாட்டும் ஒரே ஸ்கேல்தான், சுருதி மாற வேண்டுமானால் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிக்கொள்வேன் என்றார். நம் சர்ச்சுகளிலும் கானா செட்டுகளிலும் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அவர்களுக்கு நடுக் கட்டைகள்தான் உயிர், ஓரத்துக் கட்டைகளைத் தொடுவதே இல்லை. ஓரத்தில் இருந்ததைக் கழற்றி நடுவில் மாட்டினேன். இரண்டு ஓரமும் பல் போன வாய் மாதிரி பொக்கையாக இருந்தது. அவர் அப்படியே தூக்கிக்கொண்டு போய் அண்ணனுக்கு வாசித்தார். ஆகவே, அவசரத்தில் வருகிறவனிடம் என்ன கெட்டது என்று கேட்பதற்கு முன்னால், இன்றைக்கு உனக்கு எது வேண்டும் என்று கேளுங்கள்.

கட்டையை இடம் மாற்றும் இந்த வேலை நான் கண்டுபிடித்ததில்லை. ராயபுரத்துக் கடை முதலாளியை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். எதற்கும் குரலை உயர்த்தாத மனிதர். அவர் சொல்லுவார்: "எது கெட்டுதுன்னு தெரியலன்னா இடம் மாத்திப் பாரும்மா. கோளாறு எது பின்னாலப் போவுதுன்னு மட்டும் கவனி." ஒரு கட்டை ஆடினால் அதைக் கழற்றி, வேறு இடத்திலுள்ள அதே ஸ்வரத்தின் கட்டையோடு மாற்றிப் போட வேண்டும். ஆட்டம் கட்டையோடு போனால் கட்டையில் கோளாறு. பழைய இடத்திலேயே நின்றால் அடியில் இருக்கும் ரப்பரிலோ ஸ்பிரிங்கிலோ கோளாறு. இவ்வளவுதான் விஷயம். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு என் வேலைக்காலம் முழுக்க ஓட்டினேன்.

இப்போது எட்வின் கதைக்கு வருகிறேன்.

எட்வின் ஒரு கப்பல் ரிப்பேர் யார்டில் கான்ட்ராக்ட் ஆள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கிரைண்டரைப் பிடித்து இரும்புத் தகட்டில் துரு எடுப்பதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு திருவொற்றியூரில் ஒரு சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை, காதால் கேட்டே வாசிப்பவர். நன்றாக வாசிப்பார். நான் கேட்டிருக்கிறேன், அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்.

"இன்னாக்கா இது, எடது பக்கம் கட்டைங்க லூசா கீது. அமுக்குனா அமுக்குன மாதிரியே தெர்ல. பாட்டு நடுவுல தடுக்குது. சர்ச்சுல ஒரே பேஜாராப் போச்சு" என்று முதல் தடவை வந்தார். என்னோடு வேலை பார்த்த குமார் பிரித்துப் பார்த்து, கட்டைக்கு அடியில் இருக்கும் கம்பளிப் பட்டையை மாற்றிக் கொடுத்தான். கொஞ்ச நாளில் திரும்ப வந்தார். அதே இடது பக்கம், அதே லூஸ். குமார் ரப்பரையும் மாற்றினான். மறுபடியும் வந்தார். குமார் என் காதருகே வந்து, "வாசிக்கத் தெரியாத ஆளுக்கா. நம்ம உயிர எடுக்கறாரு. ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பிடலாம்" என்றான். சற்று முன் படியேறும்போது நான் கேட்டேனே, அதே குரல்.

எனக்கும் எரிச்சல்தான். கட்டைகளை நானே ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். இதற்கு மேல் ஒழுங்காக இருக்க முடியாது என்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஒரு மனிதன் வேலையை விட்டு, பஸ் பிடித்து, இந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறான் என்றால் அவனுக்கு ஏதோ ஒன்று ஆடத்தான் செய்கிறது. அது என்ன என்பதைக் கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளம்?

"எட்வின், உக்காரு. எங்க லூசுன்னு வாசிச்சுக் காட்டு" என்றேன்.

வாசித்தார். "இதோ, இது ரெண்டும்" என்று இடது கோடியில் காட்டினார். அதையே இன்னும் கொஞ்சம் மேலே, வலது பக்கமாகத் தள்ளி வாசி என்றேன். வாசித்துவிட்டு, "இப்போ இங்க லூசா கீதுக்கா" என்றார். இன்னும் மேலே போகச் சொன்னேன். அங்கேயும் லூஸ் என்றார். எழுந்து போய்க் கீபோர்டையே அரைவட்டம் சுற்றித் திருப்பிப் போட்டேன். இடக்கை இருந்த இடத்துக்கு வலது கோடி வந்தது. "பாட்டு வேணாம். ஒவ்வொரு விரலா அமுக்கிப் பாரு" என்றேன்.

"இங்கயும் லூசா கீதே" என்று ஆச்சரியப்பட்டார். யாருமே தொடாத, தேயாத வலது கோடிக் கட்டைகள் அவை. கட்டை மாறியது, இடம் மாறியது, அடியில் இருந்த ரப்பர் மாறியது. லூஸ் மட்டும் அவருடைய இடது சுண்டு விரலோடும் அதற்குப் பக்கத்து விரலோடும் கூடவே வந்தது.

கோளாறு கட்டையில் இல்லை, விரலில்தான் என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "வெரலு எப்டிக்கா லூசாவும்? கட்டைதாங்க்கா. நீ ஒயுங்கா கயட்டிப் பாரு" என்று மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சண்டைக்கு வந்தார். பேசிக்கொண்டே இருக்கும்போது கருகுகிற வாடை வந்தது. ஒயர்தான் எரிகிறது என்று பதறி பிளக்கைப் பிடுங்கினேன். போர்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் பார்த்தேன். பக்கத்தில் சூடாகி நின்ற சால்டரிங் கம்பியின் மேல் அவருடைய சுண்டு விரல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எட்வின், கை!"

அவர் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் எடுத்தார். வலித்ததால் எடுக்கவில்லை, பார்த்ததால் எடுத்தார். அந்த வித்தியாசத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

குமார் தண்ணீருக்கு ஓடினான். எட்வின் வெந்த விரலைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு, "ஒண்ணுமே தெர்லக்கா" என்றார். குரலில் சண்டையெல்லாம் போய்விட்டது. "காலைல எந்திரிச்சா வெரலு சுண்ணாம்பாட்டம் வெள்ளையாப் பூடும். கொஞ்ச நேரத்துல சரியாவும், வுட்டுட்டேன். யார்டுல எல்லாருக்கும் அப்டித்தாங்க்கா கீது."

எல்லாருக்கும் என்றார். அப்போது அந்த வார்த்தையை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

கட்டுப் போட்டு முடித்ததும் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு சர்ச்சுப் பெரியவரு என்கூட வருவாரு கீபோர்டு எடுக்க. ரப்பரு போயிருந்துச்சு, மாத்திட்டேன்னு சொல்லிடுக்கா. கால்ல வேணா வுயறேன். எங்க சூப்பர்வைசரும் அதே சர்ச்சுதான். கை போச்சுன்னு காதுல வுயுந்தா கேட்டுலயே நிறுத்திடுவானுங்க."

பிள்ளைகளே, இந்த இடத்துக்குத்தான் உங்களைக் கூட்டிவர நினைத்தேன். சொல்வதற்கு ரொம்பச் சுலபமான பொய். நம் தொழிலில் தினமும் சொல்கிற பொய். ரப்பர் மாற்றினேன் என்றால் யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? அவருக்கு வேலை நிற்கும், சர்ச்சில் இடம் நிற்கும். என்னையும் நல்லவள் என்பார்கள். ஆனால் அவர் மறுபடியும் போய் அந்த கிரைண்டரைப் பிடிப்பார். சூடு தெரியாத கை, ரம்பச் சக்கரம் மாதிரி சுற்றுகிற மெஷின்.

மறுநாள் பெரியவர் வந்தார். "இன்னாம்மா, இந்த தபா எது லூசு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எட்வின் அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுவும் லூசில்லைய்யா. கீபோர்டு நல்லா கீது. இவருக்கு எடது கையில ரெண்டு வெரலுக்கு உணர்ச்சி இல்ல. நேத்து என் கண்ணு முன்னாடி வெரலு வெந்துச்சு, இவருக்குத் தெர்ல. இவரு சம்சாரத்துகிட்ட இன்னிக்கே சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போவட்டும்" என்றேன்.

எட்வின் கத்தவில்லை. "நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்று மட்டும் கேட்டார். கீபோர்டைத் தொடாமல் இறங்கிப் போய்விட்டார். பெரியவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் செய்தது தப்பு என்று இன்றுவரை நினைக்கவில்லை. நாளைக்கே இன்னொரு எட்வின் வந்தாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் நல்லபடி முடியும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், அதையும் நம்பாதீர்கள்.

கொஞ்ச நாள் கழித்து அவர் மனைவி செல்வி கடைக்கு வந்தாள். முன்னால் ஒரு தடவை கீபோர்டு எடுக்க வந்தபோது பார்த்த முகம். ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். ஆஸ்பத்திரியில், மெஷின் அதிர்ந்து அதிர்ந்து நரம்பு செத்துவிட்டது என்றார்களாம். போனது திரும்புமா என்று சொல்ல முடியாது, மிச்சமாவது நிற்க வேண்டுமானால் மெஷினைத் தொடவே கூடாது என்றார்களாம். அதற்குள் யார்டுக்கும் செய்தி போய்விட்டது. கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். சர்ச்சில் வேறு ஒருவர் வாசிக்கிறார்.

"நீ சொன்னதுல தப்பில்லக்கா. அவரு கையக் காப்பாத்தத்தான் சொன்ன. ஆனா அந்த மெஷினு சும்மா கெடக்கலக்கா" என்றாள். "அத்த இப்போ என் தம்பி புடிச்சுகினு கீறான். பிரபு. அங்க ஹெல்பரா இருந்தான். இவரு போன எடத்துக்கு அவன ஏத்திட்டானுங்க. சந்தோசமா கீறான்."

ஒரு பழுதான ரப்பரை நான் கழற்றினால் குப்பைக்கூடையில் போடுவேன். யார்டுக்காரர்கள் பழுதாக்குகிறதை அங்கேயே வைத்துக்கொண்டு, பழுதானவனை மட்டும் மாற்றுகிறார்கள். அதைச் செல்வியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் போனாள்.

ரொம்ப நாள் எட்வின் பக்கமே தகவல் இல்லை. விம்கோ நகரில் ஒரு கோடவுனில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். பிறகு ஒரு மழைக்காலத்து மத்தியானம் கடை வாசலில் வந்து நின்றார். கையில் கீபோர்டு இல்லை. கூட ஒரு ஆள் இருந்தார். எட்வின் என் முகத்தைப் பார்க்காமல், "இவருக்குக் கட்டை பாருக்கா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எந்தக் கட்டை?"

"எனக்குப் பாத்தியே, அது மாதிரி. யார்டுல வேல பாக்குறாரு. ஆஸ்பத்திரிக்கு வான்னா ஒரு நாள் கூலி போவும்னு வர மாட்றாரு. தன் வெரலு நல்லா கீதுன்றாரு."

அன்றுதான் அவர் முன்பு சொன்ன "எல்லாருக்கும்" என் காதில் முழுதாக விழுந்தது. விற்பனைக்கு வந்த புதுக் கீபோர்டு ஒன்றைப் பிரித்து மேஜையில் வைத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். கண் பார்த்தால் விரலுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். சவுண்டையும் முழுக்கக் குறைத்தேன். காதும் அப்படித்தான். விரல் மட்டும் பேசட்டும் என்று விட்டேன். அந்த ஆள் அமுக்கிக்கொண்டே வந்து, "இந்தக் கட்டை லூசா கீதே, புதுசுன்னீங்க?" என்று கேட்டார். எட்வின் அவர் தோளைத் தட்டி எழுப்பி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கட்டை பார்க்கணும்க்கா என்பார்கள். குமார் சிரிப்பதை அடியோடு நிறுத்திவிட்டான். அவனே ஸ்டூலை இழுத்துப் போடுவான். பாயும் பார்த்துக்கொண்டிருப்பார், தடுக்கமாட்டார். வந்தவர்களில் பாதிப் பேருக்குப் புதுக் கீபோர்டு லூசாக இருந்தது. சிலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் நேராக யார்டுக்கே திரும்பிப் போனார்கள். நான் யாரையும் கட்டிப் போட முடியுமா?

பிரபு மட்டும் வரவே இல்லை. எட்வின் கெஞ்சினார், செல்வி அழுதாள். கடைசியில் ஒரு நாள் எட்வின் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தார். பிரபு நல்ல வாட்டசாட்டமான ஆள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வரும்போதே என்னிடம், "மாமா சும்மா பயம் காட்றாருக்கா. தனக்கு வந்தா ஊருக்கே வருமா?" என்று சிரித்தான். எனக்கும் அவனைப் பார்த்ததும் ஒரு நம்பிக்கை வந்தது. மெஷினைப் பிடித்து ரொம்பக் காலம் ஆகவில்லை, இவனாவது தப்பித்திருப்பான் என்று நினைத்தேன். அப்படியே இருக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

கண்ணை மூடினான். அவன் இடது கையைக் கொண்டுபோய் இடது கோடியில் வைத்தேன். கையைச் சௌகரியமாகக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான். கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தான்.

"நல்லா எறங்குதுக்கா. இதுவும். இதுவும் நல்லா கீது." சுண்டு விரலுக்கு வந்தான். அழுத்தினான். இன்னொரு தடவை அழுத்தினான். "சூப்பரா எறங்குது. சொன்னேன்ல மாமா, எனக்கு ஒண்ணும் இல்ல."

கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய சுண்டு விரல் கட்டையின் மேலேயே இல்லை. கோடியில் இருக்கும் பிளாஸ்டிக் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அது கீபோர்டின் உடம்பு. எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது.

குமார் பார்த்தான். நான் பார்த்தேன். எட்வின் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் பார்த்துவிட்டார். எட்வின்தான் சுண்டு விரலில் சுட்ட வடு இருந்த தன் இடது கையை அவன் தோளில் வைத்தார்.

"கண்ணத் தொறந்து வெரலப் பாருடா, பிரபு" என்றார்.

சரி. என் பேச்சு முடிந்தது. கொஞ்ச நேரம் முன்னால் சிரித்தது யாரோ, அந்தக் கஸ்டமருக்கு இப்போதே திரும்பவும் போன் போடுங்கள். எடுத்துக்கொண்டு போக வரச் சொல்லாதீர்கள். உட்கார்ந்து வாசித்துக் காட்ட வரச் சொல்லுங்கள். அவர் வரும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.